லாரன்ஸ் அண்ணனின் கிட்டாருக்கு நான் செய்த மராமத்து

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால் சும்மா இருக்க முடியாத கை சிலருக்கு வாய்த்துவிடுகிறது. கெட்டுப்போன சாமானைப் பிரித்துப் போடுபவனால் ஆபத்தில்லை. அதில் கெடுப்பதற்கு இனி ஒன்றும் கிடையாது. கெடாத சாமானை "இன்னும் கொஞ்சம் நல்லாக்கித் தாரேன்" என்று கையில் வாங்குபவன்தான் ஊருக்குக் கேடு. இருபத்திரண்டு வயதில் நான் அந்த ரகம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் என்னிடமிருந்து தப்பித்ததற்கு ஒரே காரணம், அது அய்யாவின் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருந்ததுதான்.

பாம்பனில் எங்கள் அய்யாவுக்கு வலைக்கடை. வலை, தூண்டில் முள், ஈயக்குண்டு, கயிறு எல்லாம் விற்போம். தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம் அது. பருத்தி நூல் வலையை மாய்ந்து மாய்ந்து காயவைத்து, அது மக்கி, மறுபடியும் முடைந்து சலித்துப்போயிருந்த கடற்கரைக்கு அப்போதுதான் நைலான் வந்து சேர்ந்தது. கண்ணாடி போல் உள்ளே பார்க்கலாம். தங்கூசி என்போம். உப்புத் தண்ணீரில் ஊறினாலும் மக்காது, துருப்பிடிக்காது. ஊரே அதன்மேல் பைத்தியமாகிவிட்டது. துணி காயப்போடும் கொடிக்குத் தங்கூசி. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலுக்குத் தங்கூசி. அறுந்த ஜெபமாலையைத் தங்கூசியில் கோத்துக்கொண்டு பெண்கள் பூசைக்குப் போனார்கள். எங்கள் அய்யா அரைஞாண் கயிற்றையே தங்கூசிக்கு மாற்றினார் (அது இடுப்பை அறுத்த கதையை அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை). உலகத்தில் உள்ள எல்லாக் குறைக்கும் எங்கள் கடையில் முழம் போட்டு விற்கும் நூலே மருந்து என்று நான் நம்பியதில் என்ன ஆச்சரியம்?

அந்த நேரத்தில்தான் லாரன்ஸ் அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பி வந்தார். என் பெரியப்பா மகன். அங்கே ஒரு ஓட்டலில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். பர்மிட்டை இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பிலோமினா மதினி வயிற்றில் பிள்ளையோடு, ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் அண்ணனின் சட்டையுமாகப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அண்ணன் கையில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி. பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லாததால் இருவரும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள்.

அண்ணனுக்குக் கடல் ஒத்துவராது. பரதவர் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் கால் வைத்தாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பார். அவருக்குத் தெரிந்த தொழில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அய்யா தினமும் சோற்றுக்கு முன்னால் ஒருமுறை கேட்பார்.

"ஏலே லாரன்ஸு, கடையில வந்து உக்காரேன். நூல் அளக்குறதுக்கு என்ன படிப்பா வேணும்?"

"இருக்கட்டும் சித்தப்பா. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணு வரும். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

மதினி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவார். அந்த வேலை வராதா என்று எனக்கே இருக்கும். அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பிரியம் இல்லாதவன் கிட்டாரைத் தொட்டிருக்க மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அது மின்சாரக் கிட்டார். பாம்பனில் அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. சாதாரணக் கிட்டாருக்கு இருக்கும் வயிறு இதற்குக் கிடையாது, தட்டையான சிவப்புப் பலகை. அண்ணன் பொறுமையாக ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்தார். தலைப்பக்கம் இருக்கிற ஆறும் முறுக்காணி, சுருதி கூட்டுவதற்கு. தலைமாட்டில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு. கீழே கம்பிகளைத் தாங்குவது குதிரை. நடுவில் தகரப் பெட்டி மாதிரி இருப்பது பிக்கப்.

"இதுக்குள்ள காந்தம் இருக்கு சவரி. காந்தத்தச் சுத்தித் தலைமயிரு கனத்துல செப்புக் கம்பி. மேல இருக்கிற இரும்புக் கம்பி ஆடுனா காந்தத்துக்குத் தெரியும், அது ஆம்ப்ளிஃபயர்கிட்ட சொல்லிரும். விளங்குச்சா?"

"விளங்குச்சுண்ணே. உள்ளுக்குள்ள ஒரு சின்ன மைக்கு."

"மைக்கு இல்லலே..." என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டே குதிரையில் படிந்திருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பக்கத்து ஊரான மண்டபத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் காதர் பாயிடம் ஒருநாள் கொண்டுபோய், அவருடைய பாட்டரி ஆம்ப்ளிஃபயரில் கிராமபோன் ஒயர் போகும் ஓட்டையில் மாட்டி அண்ணன் வாசித்துக்காட்டினார். காதர் பாய் எழுந்து நின்றுவிட்டார். "யா அல்லாஹ்! தம்பி, ஒரு பலகையா இம்புட்டுச் சத்தம் போடுது?" என்றார். அன்றே ஊரெல்லாம் செய்தி போய்விட்டது. அடுத்த மாதம் விசைப்படகு முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் வாசிக்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து பெண்ணின் தாய்மாமன் வருகிறார் என்றும் தெரிந்தது. அவர் அங்கே மெல்லிசைக் குழு நடத்துகிறவர். குழுவில் கிட்டார் வாசித்த ஆள் சென்னைக்குப் போய்விட்டானாம். "வாசிக்கிறதக் கேட்டுட்டு, சரியாயிருந்தா கையோட கூட்டிப் போயிருவேன். ஆனா சாயங்கால ரயிலுக்கு நான் திரும்பணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்ட இரவு மதினி முதல் தடவையாக எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரித்தார்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்து ஒரு கம்பி அறுந்துவிட்டது. அண்ணனோ மதுரைக்காரரை எதிர்கொண்டு அழைத்துவர இராமநாதபுரம் கிளம்பிக்கொண்டிருந்தார். ரயில் வரும் நேரம். கிட்டாரை என் கையில் கொடுத்தார்.

"சவரி, அறுந்த ஒரு கம்பிய மட்டும் மாத்தி, துணியால துடைச்சு வையி. புது செட்டு பெட்டிக்குள்ள இருக்கு. கடைசி செட்டு அது. வேற ஒண்ணையும் தொடாத, கேட்டியா?"

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வைக்கிறேன்."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கல்யாணப் பேச்சில் உபயோகிப்பதில்லை.)

பெட்டியைத் திறந்தேன். பாம்பன் காற்றில் துருப்பிடிக்காதது அய்யாவின் நாக்கு ஒன்றுதான். கிட்டாரின் கம்பிகள் செம்பட்டை நிறமாகியிருந்தன. ஒன்றை மட்டும் புதிதாக மாட்டினால் கிழிந்த வேட்டியில் புது ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குமே என்று தோன்றியது. சரி, எல்லாவற்றையும் மாற்றலாம் என்று குறடை எடுத்து ஐந்தையும் துண்டித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். புதுக் கம்பியும் இரும்புதானே? அதுவும் துருப்பிடிக்கும்தானே? அண்ணன் காலமெல்லாம் கம்பி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? தலையைத் தூக்கினேன். எதிரே அலமாரியில் தங்கூசி, தடிமன் வாரியாகச் சுருள் சுருளாகத் தொங்கியது.

அந்த நிமிடத்தில் எனக்குள் உண்டான சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. மெல்லிய கம்பிக்கு மெல்லிய தங்கூசி. தடித்த கம்பிக்குத் தடித்தது. ஆகத் தடித்ததற்கு இரண்டு இழையை முறுக்கிப் போட்டேன். குதிரையில் தூண்டில்காரர்கள் போடும் முடிச்சு. தலைமாட்டு வெள்ளைத் துண்டு லேசாக விரிசல் விட்டிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, சங்கில் ஒரு சில்லை எடுத்துத் தரையில் தேய்த்து, ஆறு பள்ளம் அறுத்து ஒட்டினேன் (நான் செய்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்று அண்ணனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்). முறுக்காணிகள் துருவில் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட வேண்டும். கடையில் இருந்த எண்ணெய், வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய். தாராளமாக விட்டேன். ஆணிகள் வெண்ணெயாகச் சுழன்றன. வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆனால் சுறா வாடை எங்கள் கடையில் வாடைக் கணக்கிலேயே சேர்த்தியில்லை.

இதற்கு நடுவே தூண்டில்காரன் சந்தியாகு கடைக்கு வந்தான். சீலா மீனுக்குத் தூண்டில் போடப் போகிறானாம். சீலாவுக்குப் பல் ரம்பம் போல இருக்கும். தங்கூசியைக் கடித்துத் துப்பிவிடும். முள்ளுக்கு மேல் ஒரு சாணாவது இரும்புக் கம்பி வேண்டும். கடையில் கம்பி தீர்ந்திருந்தது.

"கவலைப்படாத. கொழும்புக் கம்பி இருக்கு, கொண்டுபோ" என்று அண்ணனின் புது செட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். எந்த இடத்தில் நைலான் உதவாது, இரும்புதான் வேண்டும் என்று சீலா விஷயத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது பாருங்கள். அந்த அறிவைக் கிட்டார் பக்கம் திருப்பத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

சரிபார்க்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மத்தியானம் கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுபோய், காதர் பாயிடம் சொல்லி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். மைக்கைத் தட்டிப் பார்ப்பது போலவே பிக்கப்பை விரலால் தட்டினேன். புனல் ஸ்பீக்கரில் 'டொக் டொக்' என்று கணீரென்று வந்தது. போதாதா? கம்பியை மீட்டிப் பார்க்கவில்லை. முதல் நாதத்தை அண்ணன்தான் எழுப்ப வேண்டும் என்ற பெருந்தன்மை.

சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் அண்ணன் மதுரைக்காரரோடு வந்து சேர்ந்தார். ரயிலில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த மனிதர் அண்ணனின் தோளில் கைபோட்டு நடந்துவந்ததைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் மதினி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிங்க தம்பி" என்றார். காதர் பாய் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாகக் கொழும்புப் புகழ் லாரன்ஸ்!" என்று முழங்கினார்.

அண்ணன் மேடையில் பெட்டியைத் திறந்தார். முதலில் மூக்கைச் சுளித்தார். அப்புறம் கிட்டாரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருப்பதாகவே தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தார்.

"ஏலே... கம்பி எங்கலே?"

"தங்கூசிண்ணே! இனி ஆயுசுக்கும் துருப்பிடிக்காது."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டதும் பையன்கள் விழிப்பார்களே, அந்த விழிப்பு. "புது செட்டு எங்க?" என்றார் மெதுவாக.

"அது... சந்தியாகு சீலாவுக்குக் கொண்டு போயிட்டான்."

"சீலாவுக்கா?"

"ஆமாண்ணே. இந்நேரம் வள்ளம் தூரத்துக்குப் போயிருக்கும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அண்ணன் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரு தரம் ஓங்கி மீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கை போகிறது, விரல் ஓடுகிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. காதர் பாய் திருகைத் திருப்பத் திருப்ப இரைச்சல் கூடி, கடைசியில் புனல் ஊளையிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன.

"இரும்பு ஆடுனாத்தான்லே காந்தத்துக்குத் தெரியும். நைலான் ஆடுறது அதுக்குத் தெரியவே தெரியாது" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிஜமாகவே விளங்கியது. மேடைப் பலகையில் ஒரு ஓட்டை இருந்தால் அதற்குள் இறங்கியிருப்பேன்.

காதர் பாய் நல்ல மனிதர். பேசுகிற மைக்கைக் கொண்டுவந்து கிட்டாரை ஒட்டி வைத்தார். வயிறில்லாத பலகையில் நைலான் என்ன சத்தம் போடும்? கொசு பாடுவது போல ஏதோ வந்தது. அதுவும் சுருதியில் நிற்கவில்லை. தங்கூசிக்கு இழுத்தால் நீளும் குணம் உண்டு. அண்ணன் முறுக்க முறுக்க அது நீண்டுகொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பூனைகள் வந்தன. கல்யாண வீட்டில் மீன் தலைக்குக் காத்திருந்த பூனைகள் சமையல் கொட்டகையை விட்டுவிட்டு மேடைக்கு ஏறின. ஒன்று அண்ணன் காலைச் சுற்றியது. இன்னொன்று நாற்காலிமேல் ஏறி நின்று, எட்டி, முறுக்காணியை நக்க ஆரம்பித்தது. பந்தலே கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், பங்குச் சாமியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்காதவர்கள் அண்ணன், மதினி, நான், அப்புறம் மதுரைக்காரர். அண்ணன் பூனையை மெதுவாக இறக்கிவிட்டு, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். மதினி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? மதுரைக்காரர் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ரயில் இன்னும் வரவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் மூச்சிரைக்க நின்று, பெட்டியைத் திறந்து, காந்தம், செப்புக் கம்பி, இரும்பு, நைலான் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட பாடம், ஒரு பிழை இல்லாமல் வந்தது.

"அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்லைங்கய்யா. எல்லாம் நான் செஞ்சது. அவரு காலையில என் கையில குடுத்துட்டுப் போனாரு. நான்தான் இப்படி ஆக்கிட்டேன். அவரு வாசிச்சு நீங்க கேக்கணும். நல்ல கம்பி போட்டு மதுரைக்கே கூட்டியாரேன்."

அவர் முழுவதையும் கேட்டார். கோபமே இல்லை.

"நல்ல வாசிப்புக்காரர்தான்னு ரயில்ல பேசும்போதே தெரிஞ்சுது தம்பி. மேடையில கம்பி அறுந்து போச்சு, கருவி மக்கர் பண்ணிருச்சுன்னா நான் அதைப் பெருசா எடுத்திருக்க மாட்டேன். இன்னொரு நாள் கேட்டிருப்பேன். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, கச்சேரி அன்னிக்குத் தன்னோட கருவிய இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. வந்து ஒரு தரம் தொட்டுக்கூடப் பாக்காம மேடை ஏறியிருக்காரு. அவர நம்பி நான் எப்படி பத்துப் பேரை மேடையில உக்கார வைக்கிறது?"

ரயில் வந்தது. அவர் எழுந்து, என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் கைகூப்பினார். திரும்பினேன். மதுரைக்காரரின் பலகாரப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். கல்யாண வீட்டில் அவர் மறந்து வைத்துவிட்டு வந்ததைக் கொடுக்க ஓடி வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, "போயிட்டு வாங்க சார்" என்றார். திரும்பி நடக்கும்போது கிட்டார்ப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சந்தியாகு ஆள் உயரத்துக்கு ஒரு சீலாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "உங்க கொழும்புக் கம்பி தங்கமான கம்பி! இம்புட்டுப் பெருசு இந்த வருசம் யாருக்கும் படல" என்று அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனான். மதினி அதை அறுத்துக் குழம்பு வைத்தார். அய்யா வழக்கமான கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. அண்ணன் தானாகவே, "நாளையிலருந்து கடைக்கு வாரேன் சித்தப்பா" என்றார்.

ஒரு மாதம் என்று வந்து உட்கார்ந்தவர் கடையிலேயே நிலைத்துவிட்டார். மதினிக்குப் பிள்ளை பிறந்தது, அடுத்தது பிறந்தது. மதுரையிலிருந்து கம்பி வாங்கிவந்து வீட்டில் வாசித்தார், கோயில் திருவிழாவில் வாசித்தார். தொழில் என்னவோ நூல் அளப்பதுதான். அதிலும் பாதி நாள் தங்கூசி. யாராவது நல்ல தங்கூசி வேண்டுமென்று கேட்டால், "நம்ம சவரிகிட்ட கேளுங்க, அதுல அவன்தான் நிபுணன்" என்பார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லாத விசேஷமே கிடையாது. ஞானஸ்நானம், நற்கருணை, கல்யாணம், எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவரும் அபிநயத்தோடு சொல்வார். சுறா எண்ணெயை மோந்த முகம், சத்தமில்லாத கிட்டாரை அடிக்கும் கை, புனல் ஊளையிட்டது, எல்லாம் வரும். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், "ஃபாதர், தாலிக் கயிறத் தங்கூசியா மாத்திரப் போறான், ஒரு தரம் பாத்துருங்க" என்று சத்தமாகச் சொல்லி என் மாமியார் வீட்டாரையே சிரிக்க வைத்தவர் அவர். என் பேரன்மார் உடைந்த பொம்மையைக்கூட என் கையில் கொடுக்க மாட்டார்கள். "தாத்தா மாப்பிள்ளை மாதிரி ஆக்கிருவாரு" என்று ஒளித்துவைத்துக்கொள்வார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரிப்பது நான்தான்.

போன மாதம் அண்ணனின் பேத்தி நிச்சயதார்த்தத்தில் மறுபடியும் சொன்னார். பூனை முறுக்காணியை நக்கும் இடத்தில் வழக்கம்போல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது சரி தாத்தா, அந்த மதுரைக்காரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். மதினி என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவரு என்னத்தச் சொல்ல? பாவம், ரயிலுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. கதை பூனையோட முடிஞ்சு போச்சு" என்றார்.